அனுமதிப்பத்திரத்தில் அச்சடித்த முதலாளியின் பெயர்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக நான் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தால் வருமானவரிப் படிவம், வீட்டுக்கடன் வட்டி, பிள்ளைகளின் கல்விச் சேமிப்பு என்றுதான் பேசுவேன். இன்றைக்கும் கணக்குத்தான் பேசப்போகிறேன். ஆனால் இது எங்கள் வீட்டுக் கணக்கு அல்ல. எங்கள் வீட்டுக்குத் தக்காளியும் மிளகாயும் அனுப்புகிற மனிதர்களுடைய கணக்கு. கேட்டு முடிக்கும்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதிலே ஒரு பங்கு இருப்பது தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே நாலு மணித்தியாலம் அளவில் ஓடினால் லெமிங்ரன் என்று ஒரு ஊர் வரும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிக் கூடங்கள். உள்ளே தக்காளி, வெள்ளரிக்காய், குடைமிளகாய். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த ஊர்க் கடைத்தெருவில் நின்றால் ஆங்கிலத்தை விட ஸ்பானிய மொழிதான் கூடக் காதில் விழும். சைக்கிளில் வந்து, சாமான் வாங்கி, ஊருக்குக் காசு அனுப்பிவிட்டுப் போகிற மெக்சிக்கோ, ஜமேக்கா, குவாத்தமாலாத் தொழிலாளர்கள்.

இது நேற்று முந்தநாள் தொடங்கியதல்ல. 1966ஆம் ஆண்டு ஜமேக்காவிலிருந்து 264 பேரை ஒன்ராறியோப் பண்ணைகளுக்குக் கொண்டு வந்தார்கள். பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் என்று அதற்குப் பெயர். மற்றக் கரிபியன் நாடுகள் பின்னர் சேர்ந்தன. 1974இல் மெக்சிக்கோ சேர்ந்தது. வருடத்துக்கு ஆகக்கூடியது எட்டு மாதம் வேலை. பிறகு வீட்டுக்குப் போகவேண்டும். அடுத்த வருடம் முதலாளி பெயர் சொல்லிக் கேட்டால் திரும்ப வரலாம். இப்படி இருபது, இருபத்தைந்து வருடம் வந்து போனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் கலியாணம் கட்டியதும் இவர்கள் இல்லாத நேரத்தில். நாங்கள் மூன்று, நாலு வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்த அதே நாட்டில், இவர்களுக்கு இருபது வருட உழைப்புக்குப் பிறகும் நிரந்தர வதிவிடம் கேட்க அந்தத் திட்டத்தில் வழியே இல்லை.

இப்போது சம்பளச் சிட்டைக்கு வருவோம். கணக்காளன் பார்வைக்கு ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் பாதி அந்தத் துண்டுக் கடதாசியில் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு கோடையில் ஒருவர் கிழமைக்கு 50 மணித்தியாலம், 30 கிழமை வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.20 டொலர். மொத்தம் 25,800 டொலர். உங்களிலே ஒருவர் தொழிற்சாலையில் கிழமைக்கு 50 மணித்தியாலம் நின்றால் 44க்கு மேற்பட்ட ஆறு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு கிடைக்கும். பண்ணைத் தொழிலாளிக்கு அது கிடையாது. ஒன்ராறியோவின் தொழில் நியமச் சட்டத்திலேயே விவசாயத்துக்கு அந்த விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மணித்தியாலத்துக்குப் பாதிச் சம்பளம் 51 டொலர் 60 சதம். 30 கிழமைக்கு 1,548 டொலர். இதைக் களவு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சட்டப்படிதான் நடக்கிறது. எனக்கு அதுதான் கூடப் பிரச்சினையாகத் தெரிகிறது.

அடுத்த வரி, வேலையின்மைக் காப்புறுதி. நாங்கள் ஈ.ஐ. என்று சொல்வது. 2025இல் 100 டொலருக்கு 1.64 டொலர் தொழிலாளியிடம் வெட்டுவார்கள். அந்த 25,800இல் 423 டொலர் போகும். முதலாளி அதைப்போல 1.4 மடங்கு கட்ட வேண்டும், அது 592 டொலர். இரண்டும் சேர்ந்து ஆயிரம் டொலருக்கு மேலே. சரி, வேலை முடிந்ததும் இவர் ஈ.ஐ. எடுக்கலாமா? எடுக்க முடியாது. கனடாவில் நின்று வேலை தேடத் தயாராக இருப்பவருக்குத்தான் அந்தப் பணம். இவருக்கோ வேலை முடிந்தால் விமானம் ஏறவேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. முன்னர் பிள்ளை பிறந்தால் பெற்றோருக்கான கொடுப்பனவையாவது ஊரிலிருந்து விண்ணப்பித்து எடுக்கக்கூடியதாக இருந்தது. 2012ஆம் ஆண்டு இறுதியில் அந்த வாசலையும் மூடினார்கள். வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. கனவான்களே, தாய்மாரே, எந்தத் தனியார் காப்புறுதிக் கொம்பனியாவது வீடு எரிந்தாலும் காசு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு மாதாமாதம் கட்டுப்பணம் எடுத்தால் நாங்கள் சும்மா இருப்போமா?

சி.பி.பி. எனப்படும் ஓய்வூதியத்துக்கும் வெட்டுகிறார்கள். அது போன காசு அல்ல. 60 வயதுக்குப் பிறகு உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். இதைத் தெரியாமல் விட்டவர்கள் பலர். உங்களுடன் வேலை செய்து ஊர் திரும்பியவர்கள் யாராவது தொடர்பில் இருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

சிட்டை இவ்வளவுதான். சிட்டையில் எழுதாத ஒன்று இருக்கிறது. அது வேலை அனுமதிப்பத்திரத்தில் அச்சடித்திருக்கிற முதலாளியின் பெயர்.

இந்தத் தொழிலாளர்களுடைய அனுமதிப்பத்திரம் ஒரு முதலாளிக்கு மட்டும் உரியது. அந்த இடத்தில் மட்டும்தான் வேலை செய்யலாம். வேலை போனால் சட்டப்படி வேறு இடத்துக்கு மாற வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் புது முதலாளி அரசாங்கத்தின் தொழிற்சந்தை மதிப்பீட்டை, எல்லோரும் எல்.எம்.ஐ.ஏ. என்று சொல்கிறார்களே அதை, எடுத்திருக்க வேண்டும். இவர் புது அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தங்கியிருக்கும் வீடோ பழைய முதலாளியின் வீடு. வேலை போன அன்றே படுக்கையும் போகும். மருந்தடிக்கும்போது கையுறை தா என்று கேட்டால், அறையில் பத்துப் பேர் படுக்கிறோம் என்று சொன்னால், அடுத்த வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். கேட்காமல் இருப்பதற்கு அது போதும்.

இதைக் கேட்கும்போது எனக்கு மலையகத்துத் 'துண்டு' ஞாபகத்துக்கு வரும். வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணி முற்பணம் கொடுத்து ஆட்களைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவார். அந்தப் பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால், இன்ன தொகையைத் தீர்த்தால் விடுவோம் என்று பழைய தோட்டத்தில் எழுதிக் கொடுத்த துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அப்படியே தொழிலாளியின் தலையில் தொடரும். 1921ஆம் ஆண்டு சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை இலங்கையில் ஒழித்தார்கள். கனடாப் பண்ணையும் அந்தக் காலத் தோட்டமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே சம்பளம் வங்கிக்கு வருகிறது, விரும்பினால் வீட்டுக்குப் போகலாம், சட்டம் இருக்கிறது. ஆனால் ஆள் இடம் மாறுவதற்கு ஒரு கடதாசி வேண்டும், அந்தக் கடதாசி வேறு ஒருவர் கையில் இருக்கிறது என்ற அந்த ஒரு விசயம் மட்டும் ஒன்றுதான்.

எங்களுக்கு அப்படி இருக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் வணிகவியல் படித்துவிட்டு 1996இல் இங்கே அகதியாக வந்தபோது கிடைத்த அனுமதிப்பத்திரத்தில் எந்த முதலாளியின் பெயரும் இல்லை. முதல் வேலை ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுவது. மூன்றாவது கிழமை சம்பளத்தில் இருபது மணித்தியாலத்தைக் காணவில்லை. கேட்டதற்கு, விருப்பமென்றால் நில், இல்லாவிட்டால் போ என்றார்கள். போனேன். அடுத்த திங்கட்கிழமை ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றேன். வீரம் ஒன்றும் இல்லை. கடதாசி அப்படி இருந்தது. உங்களிலே எத்தனை பேர் அப்படி ஐந்தாறு வேலை மாறி மாறித்தான் வீடு வாங்கினீர்கள், யோசித்துப் பாருங்கள். நாங்கள் கடுமையாக உழைத்து முன்னேறினோம் என்று மேடைகளில் சொல்கிறோம். உழைத்தோம், உண்மை. பிடிக்காத முதலாளியை விட்டுவிட்டுப் போகக்கூடியதாகவும் இருந்தது.

சரி, முதலாளியின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். என்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களில் கடைக்காரரும் உணவகக்காரரும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் மிளகாய்த் தோட்டம் செய்தவர்களுக்குத் தெரியும், பழம் பழுத்த கிழமை ஆள் வராவிட்டால் அந்த வருட உழைப்பு நிலத்தோடு போய்விடும். ஒன்ராறியோப் பண்ணைக்காரனுக்கும் அதே கதைதான். உள்ளூரில் விளம்பரம் போட்டால் வருகிறவர் இரண்டு நாளில் முதுகு நோகுது என்று போய்விடுகிறார். பருவகாலத் திட்டத்தில் விமானச் செலவில் ஒரு பங்கு முதலாளியுடையது, தங்குமிடமும் அவருடையது. இவ்வளவும் செலவழித்துக் கொண்டுவந்த ஆள் முதல் கிழமையே பக்கத்துப் பண்ணைக்கு 50 சதம் கூடக் கிடைக்கிறது என்று போனால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை ஆளைக் கட்டிப்போடுவதல்ல. விமானச் செலவைப் புதுப் பண்ணை ஈடு செய்யலாம்; அனுமதியை ஒரு முதலாளிக்குக் கொடுக்காமல் விவசாயத்துறைக்கு அல்லது ஒரு பிரதேசத்துக்கு என்று கொடுக்கலாம். இது என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. ஒரு முதலாளிக்குக் கட்டுப்பட்ட அனுமதிகளை மூன்று வருடத்துக்குள் படிப்படியாக இல்லாமல் செய்யவேண்டும் என்று கனடாவின் செனற் சபைக் குழுவே 2024 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதற்கு முதல் 2023இல் ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் ரொமோயா ஒபோகாற்றா இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்தத் திட்டம் நவீன அடிமைத்தனம் விளைகிற நிலமாக இருக்கிறது என்ற கருத்தில் சொன்னார். அரசாங்கத்துக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. 2006இல் ஒன்ராறியோவின் தொழிற் பாதுகாப்புச் சட்டம் பண்ணைகளுக்கும் வந்தது. 2019 யூன் மாதம் தொடக்கம், கொடுமைக்கு ஆளாகிறவர் அந்த முதலாளியை விட்டு விலகத் திறந்த அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். 2022 செப்ரெம்பரில் மத்திய அரசு விதிகளை இறுக்கி, ஆட்சேர்ப்புக்காகத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது, முறையிட்டவரைப் பழிவாங்கக்கூடாது என்று எழுதியது. 2023 செப்ரெம்பரில் ஒன்ராறியோவின் தொழிலிட விபத்து மேன்முறையீட்டு மன்றம் நாலு ஜமேக்காத் தொழிலாளர்களின் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்புக் கொடுத்தது. அதற்கு முதல் என்ன நடந்ததென்றால், முதுகு முறிந்து ஜமேக்காவுக்குத் திரும்பிய ஒருவரைப் பார்த்து, உன்னால் ஒன்ராறியோவில் காசாளர் வேலை செய்யமுடியும், அந்தச் சம்பளத்தை நீ உழைப்பதாகக் கருதுகிறோம் என்று கணக்குப் போட்டு நட்டஈட்டை நிறுத்துவார்கள். ஒன்ராறியோவுக்கு வர விசா இல்லாதவருக்கு ஒன்ராறியோவில் கற்பனைச் சம்பளம்! என் தொழிலில் இப்படிக் கணக்கு எழுதினால் என் உரிமத்தைப் பறிப்பார்கள். அவருடைய சொந்த நாட்டில் என்ன வேலை கிடைக்கும் என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்று மன்றம் சொன்னது.

தொழிற்சங்கம் மட்டும் இன்னும் சரிவரவில்லை. 2001இல் உச்ச நீதிமன்றம் பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஒன்றுசேரும் உரிமை உண்டு என்றது. ஒன்ராறியோ அவர்களுக்கென்று 2002இல் தனியாக ஒரு மெலிந்த சட்டம் இயற்றியது. முதலாளி அவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். 2011இல் உச்ச நீதிமன்றம் அதுவே போதும் என்று விட்டுவிட்டது.

இனி எங்கள் ஆட்களுடைய விசயம். இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2022ஆம் ஆண்டு இலங்கையில் பொருளாதாரம் விழுந்த பிறகு விசிற் விசாவில் வந்த எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர். மாணவராக வந்தவர்கள் இன்னொரு பக்கம். அவர்களிடம் எல்.எம்.ஐ.ஏ. விற்கிறார்கள். விற்கிறவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர் அல்ல, எங்கள் மொழி பேசுகிறவர்கள்தான். அரசாங்கத்துக்கு முதலாளி கட்டவேண்டிய கட்டணம் 1,000 டொலர். அதைத் தொழிலாளியிடம் வாங்குவது சட்டவிரோதம். சந்தையில் அதன் விலை பல பத்தாயிரம் டொலர்.

ஒரு பிள்ளை வரி செய்ய வந்தான். பெயரும் இடமும் சொல்லமாட்டேன், சொல்லுவதற்கு அவனிடம் அனுமதி கேட்டபோது அடையாளம் தெரியாமல் சொல்லுங்கோ அண்ணை என்றான். அவனுடைய ரி4இல் நல்ல சம்பளம் இருந்தது. வங்கிக் கூற்றைப் பார்த்தேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை சம்பளம் வருகிறது, சனிக்கிழமை காலை அதில் ஏறக்குறைய அரைவாசி காசாக வெளியே போகிறது. தவறாமல், வருடம் முழுக்க. "தம்பி, இது என்ன?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான், முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அனுமதிக்கு ஏற்கெனவே கொடுத்த காசு ஊரில் அம்மாவின் காணியை ஈடு வைத்து எடுத்தது. அதாவது அவன் கையில் நிற்காத காசுக்கும் அவன் வருமானவரி கட்டுகிறான், சி.பி.பி. கட்டுகிறான், ஈ.ஐ. கட்டுகிறான். நின்ற காசை மணித்தியாலத்தால் பிரித்தால் ஒன்பது டொலருக்குக் கீழே.

விலகிப் போவதற்கான திறந்த அனுமதியைப் பற்றிச் சொன்னேன். வங்கிக் கூற்றே சாட்சி என்றேன். அவன் இரண்டு காரணம் சொன்னான். ஒன்று, முதலாளி எங்கட ஊர்க்காரர், அம்மாவைக் கோயிலில் காண்கிற சொந்தங்கள். மற்றது, காசு கொடுத்து வேலை வாங்கியது தெரிந்தால் தன்னையே பொய்த் தகவல் கொடுத்தவன் என்று ஐந்து வருடத்துக்குத் தடை செய்வார்களோ என்ற பயம். அந்த இரண்டாவது பயம் முட்டாள்தனமானதல்ல. அப்படி ஒரு பிரிவு குடிவரவுச் சட்டத்தில் உண்டு. ஆகவேதான் நான் கணக்காளனாக நின்று தீர்ப்புச் சொல்லாமல் சமூகச் சட்ட உதவி நிலையத்துக்கு அனுப்பினேன். போய் ஒருமுறை கதைத்திருக்கிறான். இன்னும் முடிவு எடுக்கவில்லை.

அரசாங்கம் 2024 செப்ரெம்பரில் குறைந்த சம்பள வேலைகளுக்கு ஆட்களின் விகிதத்தைக் குறைத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் 6 வீதமும் அதற்கு மேலும் உள்ள நகரங்களில் பெரும்பாலான விண்ணப்பங்களை எடுப்பதில்லை என்றது. பண்ணை வேலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2025 மார்ச்சில் எல்.எம்.ஐ.ஏ. வேலைக்கு நிரந்தர வதிவிடத்தில் கொடுத்த மேலதிகப் புள்ளிகளையும் எடுத்துவிட்டது. புள்ளியை எடுத்தது நல்லது. விற்கிற சரக்கின் மதிப்புக் குறைந்தது. ஆனால் ஆட்தொகையைக் குறைத்ததால் உள்ளே இருக்கிறவருக்கு ஒரு பாதுகாப்பும் கூடவில்லை. போக வேறு இடம் குறைந்தபடியால் இருக்கிற முதலாளியைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இடதும் வலதும் ஆட்தொகையைப் பற்றியே சண்டை பிடிக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தில் பெயர் அச்சடிப்பதைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் பற்றிய 1990ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 1996இலேயே இணைந்துவிட்டது, கனடா இன்றுவரை இணையவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். இணைந்த நாடு அதை எப்படிக் கடைப்பிடித்தது என்று கேட்காதீர்கள், அது வேறு ஒரு மணித்தியாலம் எடுக்கும்.

இப்போது இப்படியான வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்பதை ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். சம்பளச் சிட்டை தருவது முதலாளியின் கடமை. தராவிட்டால் கேட்ட திகதியையும் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். கடவுச்சீட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அதைப் பிடித்து வைத்திருப்பது ஒன்ராறியோவில் குற்றம். சம்பளப் பாக்கிக்கு மாகாணத் தொழில் அமைச்சில் முறையிட இரண்டு வருட எல்லை உண்டு. அதற்குப் பிறகு போனால் கேட்கமாட்டார்கள். காசு கொடுத்து வேலை எடுத்தவர்கள் எந்தப் படிவமும் நிரப்ப முதல் சட்டத்தரணி ஒருவருடன் கதையுங்கள். சட்ட உதவி நிலையத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

கடை, உணவகம், பேக்கறி வைத்திருக்கும் எங்கள் அண்ணன்மாருக்கும் ஒரு சொல். வங்கியில் போட்டுக் காசாகத் திருப்பி வாங்குகிறதற்குக் கணக்கு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வரவேண்டாம். ஒரு மீறலுக்கு ஒரு இலட்சம் டொலர் வரைக்கும் தண்டம் இருக்கிறது, பெயரும் அரசாங்கத்தின் இணையத்தளத்தில் வரும். சட்டத்தை விடுங்கள். 1980களிலும் 90களிலும் நீங்கள் வந்து இறங்கியபோது உங்கள் கையில் இருந்த கடதாசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பலபேர் அதை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போன உரைக்குப் பிறகு அழைத்துக் கேட்ட ஒரு தாயாருக்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் மகளுக்கு வேலை கொடுக்கிறோம், முதலில் வைப்புப்பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கட்டவேண்டாம் அம்மா. அதற்கு எந்த விளக்கம் சொன்னாலும் கட்டவேண்டாம். வானொலி நிலையத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை விட்டுவையுங்கள், நான் அழைக்கிறேன்.

அடுத்த மாதம் ஓய்வூதியச் சேமிப்பும் வரியும் பற்றிப் பேசுவோம்.